சுரண்டைக்கான அரை வினாடி

என் கணவர் இத்ரீஸ் எழுதிய நிரலில் ஒரே ஒரு வரியை நான் அழித்தேன். அவர் இறந்த நாற்பத்தோராம் நாள் அது. 'அரை வினாடி காத்திரு' என்று கணினிக்குச் சொல்கிற வரி. அதை ஏன் அழித்தேன் என்று சொல்ல வேண்டுமானால் அவரைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அவருக்குச் சொந்த ஊர் வடகரை. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடத்தோடு படிப்பு நின்றுபோய், ஊர் வழக்கப்படி ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே ஒரு கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் ஐந்து வருடம் இருந்தார். மற்றவர்கள் திரும்பி வரும்போது சென்ட் பாட்டிலும் போர்வையும் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பெட்டி நிறையப் பழுதான மதர்போர்டுகளைக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அவர் உம்மா, என் மாமி, அழுதார்களாம். கல்யாணம் ஆன புதிதில் என்னிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மதர்போர்டுகளில் பாதியை உயிர்ப்பித்து விற்றுத்தான் தென்காசி கூலக்கடை பஜாருக்குப் பக்கத்தில் மாடியில் கடை போட்டார். கூட்டாளி பாண்டியராஜ், பாலிடெக்னிக்கில் உடன் படித்தவர்.

சீசன் மாதங்களில் குற்றாலத்து லாட்ஜுகள்தான் அவர்களுக்குப் பிழைப்பு. சாரலில் கேமராவுக்குள் தண்ணீர் போகும், பில் போடுகிற இயந்திரம் ஈரத்தில் மக்கர் பண்ணும். சீசன் முடிந்தால் இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் ஒரு ராத்திரி நன்றாக இடித்தால் மறுநாள் கடைப்படியில் கம்ப்யூட்டர்கள் வரிசையாக நிற்கும். மாடி விட்டு மாடி இழுத்திருக்கிற நெட் வயர் வழியாக மின்னல் இறங்கி, வயர் செருகுகிற இடத்தை மட்டும் எரித்துவிட்டுப் போயிருக்கும். மற்றதெல்லாம் நன்றாக இருக்கும். அதற்காக மதர்போர்டையே மாற்ற யாருக்கும் மனம் வராது. கட்டைவிரல் நீளத்தில் ஓர் அடாப்டர் இருக்கிறது. அதை யுஎஸ்பியில் செருகி, நெட் வயரை அதில் மாட்டிவிட்டால் போதும். ஷார்ஜாவில் இருக்கிற என் அண்ணன் முகம்மது சலீம் மலிவாகக் கிடைத்தது என்று அப்படி அறுபது அடாப்டர்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினான். பெயர் தெரியாத ஏதோ கம்பெனி.

அந்த வருடம் ஐப்பசியில் சுரண்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர்களையும் ஒரே இடி தின்றது. ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில் இருக்கிற பள்ளிக்கூடம். கம்ப்யூட்டர் டீச்சர் ஜெபமலர் கடைக்கு வந்து தலைமையாசிரியர் கையை விரித்துவிட்டார் என்று சொன்னபோது, இவர் பன்னிரண்டு அடாப்டர்களை எடுத்து நீட்டினார். விலை பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். போய் மாட்டியபிறகுதான் தெரிந்தது, அங்கே ஓடுவது லினக்ஸ் என்று. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய இயங்குதளம். அடாப்டருக்கும் அதற்கும் நடுவில் நின்று பேச டிரைவர் என்கிற சிறு நிரல் வேண்டும். இந்த அடாப்டருக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை. உலகத்தில் யாரும் எழுதியிருக்கவில்லை.

பாண்டியராஜ் திருப்பி வாங்கிவரச் சொன்னார். இவர் கேட்கவில்லை.

"குடுத்த சாமான் ஓடலைன்னா, குடுத்தவன்லா ஓடணும்" என்றார்.

"ஏ பாய், ஒமக்கு என்ன கிறுக்கா? அதெல்லாம் பெரிய பெரிய என்ஜினியர் எழுதுதது."

"அவனும் சோத்தைத்தான்லே திங்கான்."

இப்படித்தான் தொடங்கியது. அடாப்டரை விண்டோஸ் கணினியில் மாட்டி, அந்த வயருக்குள் என்னென்ன எண்கள் போகின்றன, என்னென்ன எண்கள் திரும்பி வருகின்றன என்று பார்த்து நோட்டில் எழுதுவார். பிறகு அதே எண்களை லினக்ஸிலிருந்து அனுப்பிப் பார்ப்பார். பாஷை தெரியாத வீட்டில் ஒட்டுக்கேட்டுப் பேசப் பழகுகிற மாதிரி. முதல் தடவை அடாப்டரின் பச்சை விளக்கு எரிந்த அன்று கடையை அடைத்துவிட்டு மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த மாசியில்தான் காலில் நீர் கோத்தது. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். அவருக்கு முப்பத்தெட்டு வயது. திங்கள், புதன், வெள்ளி காலை தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆயிற்று. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி ஏறியிருக்கும், அசைக்கக் கூடாது. சாப்பாடு வைக்கிற மேசையை வயிற்றுக்கு நேரே இழுத்து, லேப்டாப்பை அதில் வைத்து, வலது கையால் தட்டுவார்.

நிரல் எழுதுகிற மொழியில் அடிக்கோடும் அடைப்புக்குறியும் இல்லாமல் ஒரு வரி நகராது. அவற்றுக்கெல்லாம் ஷிப்ட் விசையை அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரு கையால் அவருக்கு அது வசப்படவில்லை. இடது பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து நான் அழுத்துவேன். "ம்" என்பார், அழுத்துவேன். இன்னொரு "ம்", விடுவேன். இதைப் பார்த்து ஒரு நர்ஸ், புருஷனும் பொண்டாட்டியும் ஆர்மோனியம் வாசிக்கீங்களோ என்று கேட்டாள். கொஞ்ச நாளில் அவர் "ம்" சொல்வதற்கு முன்பே எங்கே அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படித்ததை எதற்கும் பயன்படுத்தியதில்லை. அந்த ஸ்டூலில்தான் அது பயன்பட்டது.

எழுதியதைத் தன் கடையோடு வைத்துக்கொள்ள அவருக்கு மனமில்லை. லினக்ஸுக்குள்ளேயே சேர்க்க வேண்டும் என்றார். சேர்ந்துவிட்டால் உலகத்தில் யார் இந்த அடாப்டரை மாட்டினாலும் விளக்கு எரியும். தனக்குப் பிறகும் எரியும் என்று அவர் சொன்னதில்லை. ஆனால் அதைத்தான் நினைத்தார் என்று இப்போது தோன்றுகிறது.

சேர்ப்பது லேசான காரியமில்லை. எல்லோரும் படிக்கிற ஒரு பொது மடல் குழுவுக்கு அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் எங்கோ இருக்கிற ஒருவர் படித்துவிட்டு, இது சரியில்லை, அது எங்கள் முறையில்லை என்று பதில் போடுவார். திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டும். மடல்களின் ஆங்கிலம் என்னுடையது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசியில் இத்ரீஸ் என்று போடுவேன். முதல் பதில் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பதினேழு குறைகள். நான் மனம் நொந்துபோனேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"பாத்தியா பானு, ஒரு வரி விடாம படிச்சிருக்காரு மனுசன். என் எழுத்தை யாரு இப்படிப் படிச்சா?"

உடம்பு சரியில்லை என்று ஒரு வரி எழுதட்டுமா, கொஞ்சம் சீக்கிரம் பார்ப்பார்களே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நோவைச் சொன்னால் நிரல் சரியாகிவிடுமா என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இரண்டாம் தடவை அனுப்பியபின் ஒரு வாரம், டயாலிசிஸ் இல்லாத செவ்வாயும் வியாழனும் சுரண்டைக்குப் போய் வந்தார். அலைய வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தும் போனார். திரும்பி வந்து மறுநாள் ஆஸ்பத்திரியில் அந்த வரியைச் சேர்த்தார். அடாப்டருக்கு உயிர் வந்ததும் ஐந்நூறு மில்லி வினாடி, அதாவது அரை வினாடி, சும்மா இரு. நான் ஷிப்டை அழுத்தியபடி, இது எதற்கு என்று கேட்டேன்.

"அதுவா? அது ஜெபமலர் டீச்சருக்கு."

"டீச்சருக்கு அரை செகண்டு. எனக்கு?"

"ஒனக்குத்தான் வாரத்துக்குப் பன்னெண்டு மணி நேரம் இங்கன கெடந்து தாரம்லா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நர்ஸ் பிரஷர் பார்க்க வந்தாள். பேச்சு வேறு பக்கம் போயிற்று. மறுபடி நான் கேட்கவே இல்லை.

நான்காம் தடவை அனுப்பியது மறு வருடம் ஒரு வெள்ளிக்கிழமை. இந்தத் தடவை எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில்தான் இரண்டு நாள் இடைவெளி. மற்றபடி ஒரு நாள்தான். அந்தக் கூடுதல் நாளைத் தாண்டுவது அவருக்கு எப்போதும் சிரமம். திங்கள் காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப ஆட்டோ வந்து நின்றது. சட்டைக்குள் வலது கையை விட்டவர் இடது கையை விடவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்தார். ஜூன் மாதம். வெளியே அந்த வருடத்தின் முதல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மாலை அசர் தொழுகைக்கு முன்பே அடக்கம் முடிந்துவிட்டது.

நான் இத்தாவில் அமர்ந்தேன். கணவன் இறந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் வீட்டுப்படி தாண்டக் கூடாது. எனக்கும் எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து சொந்தக்காரர்கள் போனபின் வீடு வெறிச்சென்று ஆயிற்று. மறுநாள் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த ஐரோப்பியரிடமிருந்து அவருக்கு ஒரு மடல் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவும், விடுமுறையில் இருந்தேன், மற்றதெல்லாம் சரி, ஒரே ஒரு கேள்வி: இந்த அரை வினாடி எதற்கு? காரணம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டுச் சோதித்து அனுப்புங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.

அவர் இறந்துவிட்டார் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதினால் தள்ளிவைத்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஒன்றரை வருடம், நான்கு தடவை, ஒற்றைக் கை. அவர் பெயர் அதில் ஏறாமல் போய்விடக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஐரோப்பாவில் அந்த ஒரு மனிதருக்கு இத்ரீஸ் உயிரோடு இருக்கிறார், பதில் எழுதப்போகிறார். அதை நானே போய் முடித்துவைக்க என்னால் முடியவில்லை.

அவருடைய மேசை இழுப்பறையில் இரண்டு அடாப்டர்கள் இருந்தன. வரியை அழித்துவிட்டு மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பிடுங்கி மாட்டினேன், எரிந்தது. பத்துத் தடவை பார்த்தேன். ஜெபமலரிடம் போனில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'டீச்சருக்கு' என்று அவர் சொன்னதை வெறும் கேலி என்றுதான் வைத்திருந்தேன். பாண்டியராஜைச் சுரண்டைக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். அவர் வாரம் ஒருமுறை மாமியிடம் போனில் விசாரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் நான் செய்கிற காரியத்தை அவரிடம் சொல்ல வேண்டிவரும். இத்ரீஸின் மடல் முகவரியிலிருந்து, எப்போதும் எழுதுகிற அதே ஆங்கிலத்தில் எழுதினேன்: காத்திருப்பு தேவையில்லை, எடுத்துவிட்டுச் சோதித்தேன், வேலை செய்கிறது. இத்ரீஸ். யாருக்கும் வித்தியாசம் தெரிய வழியில்லை. அந்த ஆங்கிலம் எப்போதும் என்னுடையதாகத்தானே இருந்தது.

நான்காம் நாள் சேர்த்துக்கொண்டோம் என்று பதில் வந்தது. மாமியிடம் சொன்னேன். யார் எடுத்துக்கொண்டார்கள், ஷார்ஜாவிலா என்று கேட்டார்கள். உலகம் முழுக்க என்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் பள்ளிக்கூடம் திறந்தபின் பாண்டியராஜ் அங்கே போய்ப் பன்னிரண்டு கணினிகளிலும் புதிய லினக்ஸைப் போட்டார். இனி பாய் எழுதிக் கொடுத்ததைத் தனியாக ஏற்ற வேண்டியதில்லை, உள்ளேயே வருகிறது என்று அவருக்குப் பெருமை. பத்து நாள் கழித்து ஜெபமலர் போன் செய்தார். நெட் ஒரு கணினியில் வந்தால் மற்றதில் போய்விடுகிறது, பிள்ளைகள் ஸ்காலர்ஷிப் படிவம் நிரப்ப முடியாமல் நிற்கிறார்கள் என்றார்.

பஸ் ஏறிப் போனேன். பாண்டியராஜும் வந்தார். முதல் கணினியைத் திறந்து அடாப்டரின் முகவரியைப் பார்த்தேன். ஒவ்வோர் அடாப்டருக்கும் அதற்கு மட்டுமே உரிய எண் ஒன்று உள்ளே பதிந்திருக்கும். அதை வைத்துத்தான் நெட் ஆளை அடையாளம் காண்கிறது. எண்ணின் முன்பாதி சரியாக இருந்தது. பின்பாதி முழுக்கப் பூஜ்யம். அடுத்த கணினியிலும் அதேதான். பன்னிரண்டும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டு நின்றன.

அப்போது பக்கத்து வயலில் மோட்டார் போட்டார்கள். தலைக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த ஃபேன் மெதுவானது. ஜெபமலர் அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுக்குத்தானேக்கா அண்ணாச்சி ரெண்டு நாளா இங்கன உக்காந்திருந்தாவ. கரண்டு இறங்கும்போது இது நம்பரைப் பாதிதான் படிக்கி, அரை செகண்டு பொறுத்தா முழுசாப் படிக்கின்னு கண்டுபிடிச்சாவ. வெளிநாட்டுக்காரனுக்கு இது புரியாதே அண்ணாச்சின்னேன். பானு எழுதிருவான்னு சொன்னாவ."

பாண்டியராஜ் அந்த வரி எங்கே போயிற்று என்று கேட்டார். நான் அழித்துவிட்டேன் என்றேன். அவர் வெளியே போய் வராந்தாவில் நின்றார்.

திருத்தம் அனுப்ப வேண்டியதுதான், ஒரே வரி. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு பிழையைத் திருத்துகிறவர், அந்தப் பிழை யார் அனுப்பிய எந்த நிரலால் வந்தது என்று மேலே குறிக்க வேண்டும். அது இத்ரீஸ் பெயரில் இருக்கிற நிரல். இத்ரீஸ் செய்த பிழை இது, மெஹர் பானு திருத்தினாள் என்று ஆகும். அழிக்க முடியாத இடத்தில் ஏறும்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாண்டியராஜ் மெதுவாகச் சொன்னார்.

"மதினி, பாய் பேர்லயே திருத்தமும் போட்டுருங்க. அவரு தப்பு, அவரே சரி பண்ணிட்டாருன்னு போவும். யாருக்குத் தெரியப் போவுது?"

அவருடைய முகவரி இன்னும் என் கையில்தான் இருந்தது. வீடு வந்து அதில் எழுதவும் தொடங்கினேன். "எனக்குத் தெரியாமல் போயிற்று" என்று அவர் பெயரில் ஒரு வாக்கியம் எழுத வேண்டிவந்தது. அவருக்குத் தெரியாமல் போகவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. மேற்கொண்டு கை ஓடவில்லை.

என் பெயரில் ஒரு முகவரி தொடங்கி எழுதினேன். அந்த நிரலை எழுதிய இத்ரீஸ் சென்ற வருடம் ஜூனில் இறந்துவிட்டார். அரை வினாடி எதற்கு என்ற உங்கள் கேள்வி அவர் இறந்தபின் வந்தது. பதில் எழுதியவள் அவருடைய மனைவியாகிய நான். அவர் பெயரைப் போட்டு எழுதினேன்; அது தவறு. வீட்டில் மட்டும் சோதித்தேன். அவர் அதைச் சோதித்தது, மின்சாரம் இறங்குகிற ஒரு பள்ளிக்கூடத்தில். பிழை அவருடையதல்ல. இதைத் திருத்தத்தின் கீழே பதிந்துகொள்ள முடியுமானால் பதியுங்கள்.

மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. வருந்துகிறேன் என்று எழுதியிருந்தார். இத்ரீஸின் மடல்கள் திங்கள், புதன், வெள்ளி மட்டுமே வருவதைக் கவனித்திருந்தாராம். அவை அவருக்கு ஓய்வு நாட்கள் என்று நினைத்திருந்தாராம். முறையை மாற்ற முடியாது, மேலே அந்தப் பெயர் வரத்தான் செய்யும். ஆனால் நிரலை எழுதியவர் இந்தக் காத்திருப்பை முதலிலேயே வைத்திருந்தார், பிறகு அது தவறாக நீக்கப்பட்டது என்று அதன் கீழே சேர்த்திருக்கிறேன் என்றார். வரி திரும்பப் போயிற்று. சுரண்டையில் இப்போது பன்னிரண்டும் தத்தம் பெயரைச் சொல்கின்றன.

மடலின் கடைசியில் இன்னொன்று கேட்டிருந்தார். அந்த நிரலில் இதேபோல விளக்கமில்லாத எண்கள் இன்னும் நான்கு இடத்தில் இருக்கின்றன. அந்தக் காரணங்களும் உங்களுக்குத் தெரியுமா?

அவருடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். எண்கள் இருந்தன, காரணங்கள் இல்லை. அந்த நான்கையும் அவர் தட்டும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் விரல் ஷிப்டின் மேல்தான் இருந்தது. வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

தெரியாது என்று பதில் எழுதினேன். யாரும் அவற்றைத் தொட வேண்டாம் என்றும் எழுதினேன்.